ஓரியன் நெபுலாவின் சிவப்பு

பட்டின் நிறத்தை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து வாங்கும் ஊர் காஞ்சிபுரம். அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் நெபுலா படத்தை மாட்டினால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "இது அசல் நிறமா, கம்ப்யூட்டரில் ஏற்றியதா?" கேட்க வேண்டிய கேள்விதான்.

தை மாத இரவில் திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்குக் கீழே புகைத்திட்டுபோல் மங்கலாகத் தெரிவது ஓரியன் நெபுலா. புது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுவும் தூசும். தொலைவு ஏறத்தாழ 1,340 ஒளியாண்டு. ராஜசிம்மப் பல்லவன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளி இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

வெறும் கண்ணுக்கு அது சாம்பல் நிறம். மங்கிய ஒளியில் நிறம் பிரித்தறிய நம் கண்ணால் முடியாது. கேமராவோ ஷட்டர் திறந்திருக்கும்வரை ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 1880-ல் அமெரிக்கர் ஹென்றி டிரேப்பர் இந்த நெபுலாவை முதன்முதலாகப் படமெடுக்கச் சுமார் 50 நிமிடம் ஒளி சேர்த்தார். அதற்குள் வானம் 12 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும்; கூடவே திரும்பும் மோட்டார் தாங்கி அதனால்தான் தேவை. இன்றைய ஆர்வலர்கள் ஓரிரு நிமிடப் படங்களை ஏராளமாக எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நெபுலா எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், தாறுமாறாக விழும் இரைச்சல் புள்ளிகள் இடம் மாறும். 100 படம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

படத்தில் தெரியும் சிவப்பு, நெபுலாவின் ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் ஒளி. மென்பொருள் அதைத் தூக்கிக் காட்டுகிறதே தவிர, புதிதாகப் பூசவில்லை. சொல்லப்போனால் சாதாரண கேமராவின் உள்வடிகட்டி இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றி மாற்றுபவர்களும் உண்டு. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் ஒதுக்கிச் செய்யும் ஹப்பிள் பாணிப் படங்கள் வேறு வகை. அவையும் அழகுதான், ஆனால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

நீங்களே எடுப்பதென்றால் சென்னைப் பக்க வெளிச்சத்தை விட்டு ஜவ்வாது மலைக்குப் போகலாம். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்குள்ள காவலூரில்தான் இருக்கிறது.

கடைசி வேலை அச்சு. திரையில் ஒளிரும் சிவப்பு காகிதத்தில் அடங்கிப்போகும், நெபுலாவின் மெல்லிய ஓரங்கள் கறுப்பில் மூழ்கும். வெளிச்சத்தைச் சற்றே கூட்டி, சின்ன அளவில் ஒரு மாதிரி அச்சிட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். பளபளப்புத் தாளின் கறுப்பில் எதிரே எரியும் ட்யூப்லைட் பிரதிபலிக்கும். மேட் தாளே நல்லது.