தீபாவளிப் பலகாரச் சீட்டு: மளிகைக் கடைக்கு ஒரு யோசனை

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பலகாரத் தட்டு கொடுப்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். முன்பு அந்தத் தட்டில் இருந்த அத்தனையும் மளிகைக் கடைச் சாமானில் வீட்டிலேயே செய்தவை. இன்று அந்த வியாபாரத்தில் நல்ல பங்கு இனிப்புக் கடைகளின் அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டது. பத்து வீட்டுக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. நமக்கோ சீசன் வியாபாரம் நஷ்டம்.

வீட்டில் செய்ய ஆசை இல்லாமல் யாரும் பெட்டி வாங்குவதில்லை. எதை எவ்வளவு வாங்குவது, செய்தால் எத்தனை பேருக்கு வரும், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லித்தர வீட்டில் பெரியவர்கள் இல்லை. அந்தக் கணக்கை நாமே சொன்னால் சாமானும் நம்மிடமே வாங்குவார்கள். இதற்கு ஒரு பலகாரத்துக்கு ஒரு சீட்டு என்று அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

சீட்டில் எழுத வேண்டியவை

உதாரணத்துக்கு மாலாடு. பொட்டுக்கடலை அரை கிலோ, சர்க்கரை அரை கிலோ, நெய் 200 கிராம், முந்திரி 50 கிராம், ஏலக்காய் 5 கிராம். கடலையை லேசாக வறுத்து, மாவாக்கிச் சலித்து, பொடித்த சர்க்கரை, ஏலத்தூள், வறுத்த முந்திரி சேர்த்து, நெய்யைச் சூடாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். மொத்தம் ஒன்றேகால் கிலோ வரும். 30 கிராம் உருண்டையாகப் பிடித்தால் சுமார் 40. வீட்டுக்கு ஐந்து என்றால் எட்டு வீட்டுக்கு ஆயிற்று. பாகு பதம் பார்க்கும் வேலை இல்லாததால் புதிதாகச் செய்கிறவர்களுக்கும் தவறாது.

காரத்துக்கு நாடா பக்கோடா. அரிசி மாவு அரை கிலோ, கடலை மாவு கால் கிலோ, வெண்ணெய் 50 கிராம், எள், மிளகாய்த் தூள், பெருங்காயம், உப்பு, பொரிக்க ஒரு லிட்டர் எண்ணெய். தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வெல்லம், நல்லெண்ணெய், நெய், தேன். இவற்றை ஒரே கடையில் அளவாகக் கொடுத்தால் வாடிக்கையாளர் இரண்டு மூன்று கடை அலைய வேண்டாம். சிறு பாட்டிலில் லேகியம் போட்டுக் கொடுப்பதும் குறைந்த செலவில் மதிப்பான அன்பளிப்பு.

சீட்டின் கடைசியில் அன்றைய விலைப்படி மொத்தத்தை எழுதுங்கள். இனிப்புக் கடை விலையோடு வாடிக்கையாளரே ஒப்பிட்டுக்கொள்வார்.

சர்க்கரையில் நமக்கு நிற்கும் லாபம் மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். மாலாடு சீட்டில் சர்க்கரையோடு நெய், முந்திரி, ஏலக்காய் மூன்றும் சேர்ந்து போகின்றன. சீட்டினால் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் அதில்தான்.

கெடாமல் இருக்க

பலகாரம் கெடுவதற்கு முதல் காரணம் ஈரம். தண்ணீர் சேராத மாலாடு இரண்டு வாரம் தாங்கும். பச்சைத் தேங்காய், பால் சேர்த்தவை இரண்டு மூன்று நாளில் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை. பொரித்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி நீராகிப் பதத்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, காற்றுப் புகாமல் மூட வேண்டும். எண்ணெயைப் பல முறை காய்ச்சிப் பயன்படுத்தக் கூடாது. இந்த நாலு வரியையும் சீட்டிலேயே அச்சிடுங்கள்.

சரக்கு நம் பொறுப்பு

வீட்டுக்காரம்மா செய்த உருண்டையில் சிக்கு வாடை வந்தால், உறவினர் முன் தலைகுனிவது அவர். அடுத்த மாதப் பட்டியல் இழப்பது நாம். ஆகவே சீசனுக்குப் பழைய சரக்கைத் தள்ளிவிடும் எண்ணம் வேண்டாம். பொட்டுக்கடலையில் வண்டு, நிலக்கடலையில் பூஞ்சை இருக்கிறதா என்று மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். கடலை மாவில் பட்டாணி மாவு கலந்து வருவதுண்டு. நம்பிக்கையான மில்லில் கடலைப்பருப்பைக் கொடுத்து அரைப்பது உத்தமம். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பதுண்டு. வனஸ்பதி கேட்டால் வனஸ்பதி என்றே சொல்லிக் கொடுங்கள்.

சட்டம் சொல்வது

சீட்டுப்படி வாடிக்கையாளர் எதிரில் எடை போட்டுக் கொடுப்பது சாதாரணச் சில்லரை விற்பனை. முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கினால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை முதலிய விவரங்கள் வேண்டும். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய முன்பொட்டலப் பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. சிறு கடைக்குச் சீட்டு முறையே சுலபம்.

உறவுக்குக் கொடுக்கும் பலகாரத்துக்கு எந்த உரிமமும் தேவையில்லை. பக்கத்து வீட்டு அம்மா செய்த முறுக்கை நம் கடையில் வைத்து விற்பதானால், அவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பலகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது, மை ஒட்டும். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை, தாள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் இடமில்லை. பனை ஓலைப் பெட்டியைச் சீட்டோடு சேர்த்து விற்றுப் பாருங்கள். அன்பளிப்புக்கு அழகு, ஓலை முடைபவர்களுக்கும் பிழைப்பு.

எப்போது தொடங்குவது?

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே சீட்டு வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் வாரத்தில் மாதச் சாமானோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். நாமும் கேட்டுக்கொண்ட அளவுக்குக் கொள்முதல் செய்தால் சரக்கு தேங்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளுக்கு அச்சுமுறுக்கு, கலகலா என்று சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்கூலி சொற்பம். முதல் வருடம் மூன்று பலகாரத்தோடு ஆரம்பியுங்கள். எந்தச் சீட்டு அதிகம் திரும்பி வந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த வருடக் கொள்முதலுக்கு அதுவே கணக்கு.