விளையாட்டுக் கணினி வாங்கப் போகிறீர்களா?



சென்ற பள்ளி விடுமுறையில், பேராக்கில் செம்பனைத் தோட்டமொன்றில் குலை வெட்டும் நண்பர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையன் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்தவன். தேர்வு முடிந்ததும் விளையாட்டுக் கணினி வாங்கித் தருவதாகத் தகப்பனார் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகச் சீட்டுப் பணம் 2,000 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்திருந்தார். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பதை நினைத்தால், அந்தத் தொகை ஒரு தோட்டக் குடும்பத்திற்கு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

"அண்ணே, டவுன் கடையில ஒரு கம்ப்யூட்டர் பார்த்து வெச்சிருக்கோம். 2,400 வெள்ளி சொல்றாங்க. 2,000 கட்டிட்டு மீதிய மாசாமாசம் கட்டலாமாம். நீங்க ஒரு தடவ வந்து பாருங்க" என்றார்.

மூவருமாகப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுழன்றன. தீபாவளிக் கடைத்தெரு தோற்றுப்போகும்! பெட்டியின்மேல் 'ஐ-7, 16 ஜி.பி., கேமிங்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே உள்ள பிராசசரின் முழு எண்ணையும், கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் எழுதித் தரும்படி கேட்டோம். கடைக்காரர் சற்றுத் தயங்கி எழுதித் தந்தார்: ஐ-7 3770, ஜி.டி. 730. முன்னது 2012-இலும் பின்னது 2014-இலும் வெளிவந்தவை. பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய உறுப்புகளுக்குப் புதுச் சட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இப்படிப்பட்ட கணினிகளை நம்மவர் பலர் வாங்கிவிடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. நெல் வாங்கினால் அள்ளிப் பார்க்கலாம். மூடிய பெட்டிக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? அதைத்தான் இன்று சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'நீ என்ன விளையாடப் போகிறாய்?' என்பது. வேலொரண்ட், டோட்டா 2, மைன்கிராப்ட், ரோப்லாக்ஸ் போன்றவை சாதாரணக் கணினியிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. 2020-இல் வந்த சைபர்பங்க் 2077, 2024-இல் வந்த பிளாக் மித் வூகோங் போன்றவை அப்படியல்ல. அவற்றுக்குக் கணினி நன்கு உழைக்க வேண்டும். முதல் வகைக்கு மட்டும் கணினி வேண்டுமென்றால், இரண்டாம் வகைக்குரிய செலவைச் செய்வது வீண். நண்பரின் மகன் விளையாடியது வேலொரண்டும் டோட்டாவும்தான்.

இனி உறுப்புகளுக்கு வருவோம். கணினியின் திரையில் தெரியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. இன்று சாதாரணமாக விற்கும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: இரண்டு மில்லியனுக்கும் மேல் வரும். விளையாட்டு தடங்கலின்றி ஓட வேண்டுமானால், இவ்வளவு புள்ளிகளுக்கும் ஒரு விநாடியில் 60 தடவையாவது புதிதாக வண்ணம் தீட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் என்பது தோட்டத்துக் கிராணியைப் போன்றது. கணக்குப் பார்ப்பது, யார் எங்கே போவது என்று முடிவு செய்வது, இன்னின்ன நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. கிராபிக்ஸ் கார்டோ ஆளுக்கொரு நிரை பிடித்து ஒரே நேரத்தில் இறங்கும் ஆயிரக்கணக்கான வேலையாட்களுக்குச் சமம். கிராணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெட்டுவதற்கு ஆள் இல்லையென்றால் குலை லாரிக்கு வந்து சேராது.

ஆகவே, புதிதாக உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்ப்பவர்கள், ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் 35 அல்லது 40 வெள்ளியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம் என்பது நமது கருத்து. பிராசசருக்கு 20 வெள்ளி போதும். 2022-இல் வந்த ரைசன் 5 5600 அல்லது ஐ-3 12100எப், அதனுடன் 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 என்னும் கார்டு: சிக்கனமாக வாங்குபவர்களுக்கு நெடுநாள் கைகொடுத்த சேர்க்கை இது. கனமான விளையாட்டுகளைக்கூட, படத்தின் நேர்த்தியைச் சற்றுக் குறைத்து வைத்தால், சாதாரணத் திரையில் இது ஓட்டிவிடும்.

பிராசசர் பெயரில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஐ-7 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ-5 8500 எட்டாம் தலைமுறை. ஐ-3 12100 பன்னிரண்டாம் தலைமுறை. ஏழு என்பது மூன்றைவிடப் பெரிது என்று நினைத்து ஏமாறக் கூடாது. அந்தப் பழைய ஐ-7க்கும் இந்தப் புதிய ஐ-3க்கும் நான்கு நான்கு 'கோர்'கள்தாம். ஆனாலும் புதியது பழையதை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். இன்னொன்று: இன்டெல் எண்ணின் கடைசியில் 'எப்' என்ற எழுத்து இருந்தால், அந்தப் பிராசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள், ரைசன் 5 5600ஜி போன்று படம் காட்டும் பகுதியும் சேர்ந்த பிராசசரை வாங்க வேண்டும்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பவர் சப்ளை. வெளியே தெரியாத உறுப்பு என்பதால் மலிவு விலைக்காரர்கள் முதலில் கைவைப்பதே இதில்தான். பெட்டியின்மேல் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 20 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 240 வாட்தான். பிராசசரும் கார்டும் உண்பது அந்தக் கட்டத்திலிருந்துதான். நாம் மேலே சொன்ன சேர்க்கையில் ரைசன் பிராசசருக்கு 65 வாட், கார்டுக்கு 132 வாட் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மற்றவற்றையும் சேர்த்தால் 250 வாட் அளவில் நிற்கும். நல்ல தயாரிப்பில் 500 அல்லது 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைக் காட்டுமே தவிர, பாதுகாப்புக்கு அது முழுச் சான்றாகாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். ஐந்தாண்டு கொடுப்பவர் தம் பொருளை நம்புகிறார்.

தோட்டத்து வீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஒரே நீட்டுக் கம்பியில் குளிர்பெட்டி, சோற்றுப்பானை, மின்விசிறி எல்லாவற்றையும் செருகி, அதிலேயே கணினியையும் செருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். கணினிக்குச் சுவரில் தனி இடம் கொடுங்கள். நீட்டுக் கம்பி வாங்கினால் சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். மின்னல் அதிகமாக விழும் நாடு நம்முடையது. வானம் கறுத்ததும் சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது. பிளக்கையும், இணையக் கம்பியையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

ரேம் 16 ஜி.பி. இருந்தால் போதும். ஒரே பலகையாக வாங்காமல் 8 ஜி.பி. பலகை இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது பொருந்தாது. ஆதலால் மதர்போர்டு எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் நிலையங்கள் நினைவகச் சில்லுகளை ஏராளமாக வாங்கியதால், ரேம் விலை கடுமையாக ஏறியது. அதற்கு முந்திய விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். பொருட்களைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பெட்டி எதுவானாலும் காற்றோட்டம் இருந்தால் சரி. விளக்குகளால் விளையாட்டின் வேகம் கூடாது. திரைக்கு இப்போதைக்குப் பணம் இல்லையென்றால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொள்ளலாம். அம்மாவின் நாடக நேரத்தில் சண்டை வரும், அது வேறு விஷயம்.

புதியது வாங்க வசதியில்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு மட்டும் சேர்ப்பது. இதில் மூன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான். பழைய கணினியில் அதை எப்படியோ புகுத்தித் தருபவர்கள் உண்டு. ஆனால் விண்டோஸ் 11-இல் வேலொரண்ட் ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அது இல்லாத கணினியில் விளையாட்டு திறக்கவே திறக்காது. கடையில் பார்த்த ஐ-7ஐ வாங்கியிருந்தால் பையனின் கதி இதுதான். அடுத்து, அலுவலகக் கணினிகளில் கார்டுக்கென்று தனி மின்கம்பி பெரும்பாலும் இராது. மதர்போர்டின் செருகிடம் தருவது 75 வாட் மட்டுமே. தனிக் கம்பி கேட்காத ஜி.டி.எக்ஸ். 1650, ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. போன்றவைதான் அதற்குப் பொருந்தும். 1650-இல் தனிக் கம்பி கேட்கும் வகையும் உண்டு; படத்தைப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, பெட்டி ஒல்லியாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். அளவு நாடாவை எடுத்துப் போக வெட்கப்பட வேண்டாம்.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய கார்டின் உள்ளே புதிய பெயரைப் பதித்து விற்கும் மோசடி நெடுநாளாக நடக்கிறது. கணினியே அந்தப் பொய்ப் பெயரைத்தான் காட்டும். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்துவிடும். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் வாங்கினால், பிராசசர், கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் முழுப் பெயரையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுதியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால், 'திரிபூனல் துந்துத்தான் பெங்குனா' எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வியாபாரிமீதுதான் அங்கே வழக்குப் போட முடியும். இணையத்தில் தனி ஆளிடம் வாங்கியதற்கு அது உதவாது.

நண்பர் கடைசியில் ஐ-5 8500 உள்ள அலுவலகக் கணினி ஒன்றையும், தனிக் கம்பி கேட்காத 1650 கார்டு ஒன்றையும் வாங்கினார். எல்லாம் சேர்த்து 1,250 வெள்ளி ஆனது. மீதி 750 வெள்ளியைப் பையனின் தாயார் அப்போதே வாங்கி முடிந்துகொண்டார். மேற்படிப்புக்குச் சேரும் நாளில் தேவைப்படுமாம். தவணைப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது. "மாமா, டோட்டா திக்கித் திக்கி ஓடுது. கார்டு டூப்ளிகேட்டா?" என்றான் பையன். அழாத குறை. திரையிலிருந்து வரும் கம்பியை எங்கே செருகியிருக்கிறாய் என்று கேட்டோம். மேலே, மதர்போர்டில் இருந்த துளையில் செருகியிருந்தான். கீழே கார்டில் உள்ள துளைக்கு மாற்றச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு விளையாட்டின் சத்தம் மட்டும் கேட்டது. தொலைபேசியை வைக்கக்கூட மறந்துவிட்டான்.