கொம்பனித்தெரு: நம் மஹல்லாவின் கதை

கொழும்பு பேரே வாவியின் கரையில் இருக்கும் நம் ஊருக்கு ஆங்கிலத்தில் முன்பு அடிமைத் தீவு என்று பெயர் இருந்தது. கேட்பவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். தமிழிலோ சிங்களத்திலோ அந்த அடிமை என்ற சொல் இல்லை. நாம் கொம்பனித்தெரு என்கிறோம். கொம்பனி என்பது ஒல்லாந்தக் கொம்பனியைக் குறிக்கிறது என்பாரும் உண்டு, படைப்பிரிவைக் குறிக்கிறது என்பாரும் உண்டு.

ஆங்கிலப் பெயரின் காரணம் உண்மையானது. கோட்டையின் காவலுக்காகப் போர்த்துக்கேயர் தேக்கிய நீர்தான் இந்த வாவி. 1656 இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் இரவில் அடைத்து வைத்தார்கள். தப்பி நீந்தாதிருக்க நீரில் முதலைகளை விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அதே ஒல்லாந்தர்தான் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் மலாயரைக் கொண்டுவந்தனர். சிலர் சிப்பாய்கள், சிலர் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தினர். வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல் பாந்தான் பாலி என்பவர் கொடுத்த நிலத்தில் 1786 இல், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே எழுந்தது. ஆங்கிலேயர் வந்த பிறகு மலாயர் படை இலங்கை ரைபிள் படையானது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. கியூ வீதிக்கு மட்டும் வேறு கதை: 1810 இல் ஆங்கிலேயர் இங்கே ஒரு தாவரத் தோட்டம் போட்டு, லண்டன் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். தோட்டம் சில வருடங்களிலேயே களுத்துறைக்கும், பிறகு பேராதனைக்கும் போய்விட்டது.

ரைபிள் படை 1873 இல் கலைக்கப்பட்டதும் மலாயர் பலர் பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் தோட்டங்களுக்கும் போனார்கள். ஆனால் அவர்களைச் சிப்பாய்களாக மட்டும் நினைப்பது சரியல்ல. பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் நடத்தினார். சிங்கப்பூரின் 'ஜாவி பெரனாக்கன்' வந்தது 1876 இல்தான். நம் முன்னோர் அரபுத்தமிழில் கிதாபு எழுதியது போலவே, அவர்கள் 'குண்டுல்' என்று சொல்லும் எழுத்தில் மலாய் எழுதினார்கள். சோனகரும் மலாயரும் ஒரே ஸப்பில் நின்று தொழுத ஊர் இது. பெருநாளில் வட்டிலப்பமும் பஸ்தோலும் இரு பக்கத்து வீடுகளுக்கும் போய்வந்தன.

இப்போது ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பிறகு ஜாவா லேன் குடும்பங்கள் வாடகைப் பணம் பெற்று வெளியே போய், புது மாடிவீட்டுக்காக வருடக் கணக்கில் காத்திருந்தன. பழைய டி சொய்சா கட்டடமும் போய்விட்டது. வீடு பெரிதானவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தலைமுறையாக இருந்தும் உறுதி கையில் இல்லாதவர்கள் தங்கள் உரிமையைக் காட்டப் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்.

அதனால்தான் இதை எழுதுகிறோம். உறுதிகள், வரிப் பற்றுச்சீட்டுகள், பழைய நிகாஹ் பதிவுகள், குண்டுல் அல்லது அரபுத்தமிழ் ஏடுகள் எதுவாக இருந்தாலும் வீடு மாறும்போது குப்பையில் போடாதீர்கள். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக எறிந்துவிட வேண்டாம். எங்களிடம் கொண்டுவந்தால் பிரதி எடுத்து மூலத்தைத் திருப்பித் தருவோம். பள்ளிவாசலுக்கென எழுதிவைத்த சொத்தானால், 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறதா என்று நிர்வாக சபையிடம் கேளுங்கள்.

மாடிவீட்டுக்குப் போன குடும்பங்கள் ஜமாஅத் பதிவேட்டில் புது முகவரியைச் சொல்லி வையுங்கள். ஜனாஸா அறிவிப்பும் ஸகாத் பங்கீடும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன. மேல்மாடியிலிருந்து மையித்தை இறக்கும் ஏற்பாட்டையும் அந்தந்தக் கட்டடத்தார் இப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது.