வானத்திலும் வேலி உண்டு

கண்டியில் நாங்கள் நடத்தும் தையல் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் வன்னியிலும் மன்னாரிலும் இருந்து இடம்பெயர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒருநாள் காலை பேராதனைப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓர் அக்கா மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். சத்தம் அகன்ற பிறகும் அவருடைய கை நடுக்கம் நிற்கவில்லை.

அப்போது வயதான அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏன் பிள்ளை, உதுகள் ஆரைக் கேட்டு எங்கட தலைக்கு மேலால பறக்குதுகள்?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அறிந்துகொண்டதைச் சகோதரிகளாகிய உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

வானம் யாருக்குச் சொந்தம்?

1944 டிசெம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானில் முழு உரிமை உண்டு என்பதே அதன் முதலாவது உறுப்புரை. இலங்கையும் 1948இல் அதில் இணைந்தது. நமது நிலமும், கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கிலோமீற்றர்) வரையான கடலும் எதுவோ, அதற்கு மேலுள்ள வானும் நமது நாட்டினுடையது.

அதற்கு அப்பால் இந்து சமுத்திரத்தின் பெரும் பரப்புக்கு மேலே பறக்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் இலங்கையிடம் உள்ளது. இதனைக் 'கொழும்பு விமானத் தகவல் பிராந்தியம்' என்கிறார்கள். அது சொத்து அல்ல, பொறுப்பு மட்டுமே. விதிகளை மேற்பார்வை செய்வது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. விமானிகளோடு வானொலியில் பேசி வழிநடத்துபவர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்.

ஏழு வகுப்புகள்

உலக நாடுகள் வானை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி என ஏழு வகுப்புகளாகப் பிரித்துள்ளன. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். 'ஏ' மிகவும் கண்டிப்பானது. அங்கே கருவிகளின் துணையோடு பறக்கும் விமானங்களுக்கு மட்டுமே இடம். அனுமதியின்றி எதுவும் நுழையக்கூடாது. எல்லா விமானங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பது கட்டுப்பாட்டாளரின் கடமை. அடுத்தடுத்த வகுப்புகளில் இந்தக் கண்டிப்பு படிப்படியாகக் குறைகிறது. 'ஜி' கட்டுப்பாடற்ற வான். அங்கே விமானி தன் கண்ணைப் பயன்படுத்தி, பொது விதிகளுக்கு அமையப் பறக்க வேண்டும்.

உயரத்திலும் ஒழுங்கு உண்டு. கட்டுப்பாட்டில் பறக்கும் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும்போது, பொதுவாக 1,000 அடி இடைவெளி இருக்க வேண்டும். கிழக்கு நோக்கிப் போவன ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிப் போவன இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறப்பது பொது வழக்கம். வீதியில் இடப்பக்கமாகப் போவதைப் போன்றதுதான் இதுவும்.

இவை தவிர மூன்று விசேட பகுதிகள் உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதியில் பறக்கவே கூடாது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் நிபந்தனையோடு பறக்கலாம். துப்பாக்கிப் பயிற்சி போன்றவை நடக்கும் இடம் அபாயப் பகுதி.

மலை சொன்ன பாடம்

நமது மலைநாட்டு வானுக்குத் தனியான கவனம் தேவை. பீதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர், அதாவது சுமார் 8,280 அடி. மலைப்பிரதேசத்தில் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், மிக உயர்ந்த இடத்தைவிட ஆகக் குறைந்தது 2,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது விதி.

1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் ஒன்று கொழும்பில் இறங்க வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு அருகில் வந்துவிட்டதாகத் தவறாகக் கணித்து, விமானிகள் முன்கூட்டியே தாழ இறக்கினார்கள். மஸ்கெலியாவை அண்டிய ஏழு கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். தாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தவறாக எண்ணியதால் நேர்ந்த அழிவு அது.

மூடாத வானம்

மற்ற ஆபத்து மனிதர்களால் வருவது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து 55 பேருடன் இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் மறைந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே காரணம் என விசாரணையாளர்கள் கூறினார்கள். கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல்தான். உறவினர்கள் 14 வருடங்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பு என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பறக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தக்கூடாது என்று சிக்காகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்ட உறுப்புரை, அந்தச் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து, 1998 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது.

2014 ஜூலை 17ஆம் திகதி உக்ரேனில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அங்கே 32,000 அடி வரையான வானமே மூடப்பட்டிருந்தது. விமானம் பறந்தது 33,000 அடியில். வானை முழுவதுமாக மூடுவதற்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்தின் பாதுகாப்புச் சபை பின்னர் கூறியது. யுத்தம் நடக்கும் நாட்டில் வானை மூட வேண்டிய நேரத்தில் மூடுவதும் உயிர் காக்கும் கடமைதான்.

அம்மாவின் இரண்டாவது கேள்வி

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட பங்கருக்கு மேலால வந்ததுகளும் உந்தச் சட்டத்துக்குள்ளயோ?" என்றார்.

இல்லை. சிக்காகோ உடன்படிக்கை பயணிகள் விமானம் போன்ற சிவில் விமானங்களுக்கு மட்டுமே உரியது. இராணுவ விமானங்கள் அதில் அடங்கமாட்டா. அவற்றைக் கட்டுப்படுத்துவது யுத்தம் பற்றிய சர்வதேசச் சட்டம். பொதுமக்களை இலக்கு வைக்கக்கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. "சொன்னாப் போதுமோ பிள்ளை, ஆர் கேட்டது?" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது மட்டும் தெரியும்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்றுபோன சென்னை சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒருகாலத்தில் நாம் அஞ்சிய வான்வழியாகவே உறவுகள் வந்து போகின்றன.

இப்போது வகுப்பில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால், ஒருவர் வெளியே போய்ப் பார்த்து, "போகுது, போகுது" என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார். மேசைக்குக் கீழே குனிந்த அக்கா அண்மையில் தானே எழுந்து போய்ப் பார்த்தார். உங்களுக்கும் இப்படிப் பயம் வந்தால் வெட்கப்படாதீர்கள். அது உங்கள் பலவீனம் அல்ல, நீங்கள் பட்ட பாட்டின் தழும்பு. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரை கெட்டு, அன்றாட வேலைகள் தடைப்பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.