சேத்துப்பட்டு விஞ்ஞானிகள் கேட்ட கேள்விகள்

1948இல் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. அதே ஆண்டுதான் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கேட்கிறது என்பதைக் குலுக்கல் முறையில் ஆய்வு செய்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டது. மருந்து பிறந்துவிட்டது. ஆனால் நம்மூர் எழுத்தாளனுக்கும் நெசவாளிக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் அது எட்டவில்லை. சயரோகம் என்று ஊர் தெரிந்துகொண்டால் தனிப் பாயும் தனித் தம்ளரும்தான்.

வசதியுள்ளவர்களுக்குச் சானடோரியம் இருந்தது. மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் கேட்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையம் அந்தக் காலத்தின் மிச்சம். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தி, அங்கே கணித மேதை ராமானுஜனையும் கவனித்த டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அது. பத்தாண்டுக்குள் அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. அதற்கும் மசியாவிட்டால் நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைப்பார்கள், அல்லது விலா எலும்புகளை வெட்டி எடுப்பார்கள். நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் சில ஆயிரம். நோயாளிகளோ பல லட்சம்.

இந்தக் கணக்கு உதைத்ததால்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில், ஸ்பர்டாங்க் சாலையில் ஓர் ஆய்வு மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூட்டு. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது இன்னும் முடியவில்லை. இடையில் பெயர் ‘காசநோய் ஆராய்ச்சி மையம்’ என்றானது, 2011இல் ‘தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்’ ஆனது.

அன்று அங்கே இருந்த விஞ்ஞானிகளின் ஆர்வம் ஒரே கேள்வியில் குவிந்திருந்தது: வீட்டிலேயே வைத்து இந்த நோயைக் குணப்படுத்த முடியுமா? மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் லண்டனிலிருந்து வந்து தலைமை ஏற்றார். கிருமியியல் ஆலோசனை லண்டனில் இருந்த டெனிஸ் மிச்சிசன். இங்கே மருத்துவர் எஸ். தேவதத்தா, கிருமியியலில் பி.ஆர்.ஜே. கங்காதரம், புள்ளியியலில் எஸ். ராதாகிருஷ்ணா என்று ஓர் அணி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி சென்னையின் நெரிசலான ஒற்றை அறை வீடுகளிலேயே தங்கியது. இரு பக்கமும் மருந்து ஒன்றுதான்: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும், ஓராண்டுக்கு.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். வித்தியாசம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டில் இருந்தவர்கள் பின்தங்கவில்லை. இன்னொரு பயம் இருந்தது. வீட்டில் வைத்தால் பிள்ளைகுட்டிகளுக்குத் தொற்றிவிடாதா? அதையும் கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. பரவியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு முக்கியமான காரணம். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மருத்துவ ஆய்வுகளில் உலகத்தை இந்த அளவுக்கு மாற்றியது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

வீட்டில் மருந்து என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வந்தது: சாப்பிடுகிறார்களா? பி.ஏ.எஸ். நாளுக்கு ஏறக்குறைய 10 கிராம் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, காய்ச்சல் இறங்கி, உடம்பு தேறியதும் ‘இனி எதற்கு?’ என்று விட்டுவிடுவார்கள். அதனால் ஹெல்த் விசிட்டர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். டப்பாவில் மீதியிருக்கும் மருந்தை எண்ணினார்கள். கையோடு சிறுநீர் வாங்கி ஃபெர்ரிக் குளோரைடு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறும், போகவில்லை என்றால் மாறாது. வாயால் சொல்வதற்கும் சிறுநீர் சொல்வதற்கும் இடையே இருந்த தூரம்தான் அடுத்த பத்தாண்டு ஆராய்ச்சியையே தீர்மானித்தது. ஃபாக்ஸ் அதற்குப் பிறகு போன இடமெல்லாம் பேசியது இதைப் பற்றித்தான். தினமும் நோயாளியை நம்பி விடுவதைவிட, வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும் கண்முன்னே கொடுத்தால் என்ன என்று 1960களில் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து என்று 1990களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ பெயரில் பரப்பியதற்கு மூல விதை இங்கே விழுந்ததுதான்.

அன்றைய ஆய்வகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிருமி வளர்க்கும் ஊடகத்துக்கு மூலப்பொருள் கோழிமுட்டை. முட்டையை உடைத்துக் கலக்கி, மாலகைட் பச்சைச் சாயம் சேர்த்து, சின்னப் போத்தல்களில் சாய்வாக வைத்து உறைய விடுவார்கள். அதில் சளியைத் தடவி 37 டிகிரியில் வைத்தால் மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பச்சை மேல் மங்கலான மஞ்சளில் ரவை சிதறினாற்போல் கிருமிக் கூட்டம் தெரியும். மருந்துக்கு அடங்கும் கிருமியா, அடங்காததா என்று அறிய மறுபடியும் அதே காத்திருப்பு. நோயாளிக்கு மருந்தை மாற்ற வேண்டியிருந்தால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இன்று அரசு மருத்துவமனையில் சளியை ஒரு கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று பதில் வந்துவிடுகிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநேட் கருவி பாட்டரியிலும் ஓடும். ஆரம்ப சுகாதார நிலையம் வரை போயிருக்கிறது. முட்டை ஊடகம் இன்னும் ஒழிந்துபோகவில்லை, ஆனால் இளம் விஞ்ஞானிகளின் நாட்டம் கிருமியின் முழு மரபணு வரிசைக்குப் போய்விட்டது.

மனித உடம்பு பற்றிய கேள்வியும் அப்படித்தான் இடம் மாறியிருக்கிறது. ஐசோனியாசிடைச் சிலர் உடம்பு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது, சிலர் உடம்பு மெதுவாக. இந்தியர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் மெதுவான ரகம். அவர்களுக்குத்தான் அதிக அளவு கொடுத்தால் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வரும். பி6 வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம் என்பதையும் சென்னை அணி காட்டியது. அன்று மருந்து கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துக் கண்டதை இன்று ஒரு மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கேள்வி அறுபது ஆண்டுக்கு முந்தையது, கருவிதான் புதிது.

மாதங்களைக் குறைக்கும் ஆசை இந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. ஓராண்டு ஒன்றரை ஆண்டு என்றிருந்த சிகிச்சை, ரிஃபாம்பிசின் வந்தபின் ஆறு மாதமானது. அதற்குள் சேத்துப்பட்டில் ஐந்து மாதத்தையும் மூன்று மாதத்தையும்கூடச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பின்னர் மாக்ஸிஃப்ளாக்சசினைச் சேர்த்து நான்கு மாத முயற்சி. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. கேட்டிஃப்ளாக்சசின் சேர்த்துப் பார்த்ததில் நோய் திரும்பியவர்கள் அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்ததும் ஒரு திறமைதான்.

மருந்துக்கு அடங்காத காசநோயில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. பத்தாண்டுக்கு முன்புகூட அது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுப் போராட்டம். மாதக்கணக்கில் தினமும் கேனமைசின் ஊசி போட்டுக் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. இந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்து வழிநடத்திய மருத்துவர் பத்மபிரியதர்சினியின் அணி, பெடாகுயிலின், டெலாமானிட், லினெசோலிட், குளோஃபாசிமின் நான்கையும் வாய் வழியாகவே கொடுத்துச் செய்த ஆய்வில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். இப்போது ஆறு மாத மாத்திரை முறையே தேசியத் திட்டத்தில் வந்துவிட்டது.

வாரம் இருமுறை, மும்முறை மருந்து என்ற தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பையே இவர்கள் திருத்த வேண்டியும் வந்தது. 1997இல் தொடங்கிய தேசியத் திட்டம் வாரம் மும்முறை முறையைப் பிடித்துக்கொண்டது. எச்.ஐ.வி. பரவிய பின் கதை மாறியது. 1992இல் இந்த மையத்தில் சேர்ந்து பின்னாளில் அதன் இயக்குநரும் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியும் ஆன சௌம்யா சுவாமிநாதன் உள்ளிட்டோர் எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தவர்களில் செய்த ஆய்வுகள், தினமும் மருந்து கொடுப்பதே மேல் என்று காட்டின. 2017இல் நாடு தினசரி முறைக்கு மாறியது.

பி.சி.ஜி. தடுப்பூசி விஷயம் இதைவிடக் கசப்பானது. 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்றது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும் விடை மாறவில்லை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து பாதுகாப்பு தருவதால் ஊசி தொடர்கிறது. பெரியவர்களுக்கான தடுப்பூசித் தேடல் இன்றைக்கும் ஓடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாட்டு விஷயம். 1959 ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு, அவ்வளவாக ஏறவில்லை. இருந்தும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. சி.வி. ராமகிருஷ்ணனும் மற்றவர்களும் உணவுக் கணக்கைத் தனியாக ஆராய்ந்து இதை உறுதி செய்தார்கள். ஏழைக்கும் குணம் உண்டு என்று சொல்ல அன்று அது தேவைப்பட்டது. ஆனால் ஆட்சியாளர்களின் காதில் அது ‘மருந்து போதும், சோறு அவரவர் பாடு’ என்று விழுந்தது. மருந்து சாப்பிட்டவர் குணமாவாரா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. யாருக்கு நோய் வருகிறது, யார் முதல் மாதத்திலேயே இறக்கிறார் என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை இருப்பதாக நினைத்து அரை நூற்றாண்டைக் கழித்தோம்.

1990களில் இதே மையம் நோயாளிக் குடும்பங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது, பத்துப் பிள்ளைகளில் ஒருவர் பெற்றோரின் நோயால் பள்ளியை விட்டது தெரிந்தது. மருத்துவரும் கிருமியியலாளரும் இருந்த இடத்தில் சமூகவியலாளருக்கும் நாற்காலி போட வேண்டும் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

சோறு பற்றிய கேள்விக்கு விடை வந்தது ஜார்க்கண்டிலிருந்து. மங்களூருவைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்காளி. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டு உறவுகள் 10,345 பேர். நோயாளிக்கு எல்லா வீட்டிலும் உணவுப் பை. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் வந்த முடிவு: சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. எத்தனையோ ஆண்டாகத் தடுப்பூசியில் தேடிக்கொண்டிருந்த பலனில் பெரும்பகுதி பருப்பிலும் அரிசியிலும் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதன் இன்னொரு முனை. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக் கொடுத்தது. நோய் கண்டறிந்த அன்றே எடை, உயரம், மூச்சு வேகம், விரலில் ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14க்குக் கீழே என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். 1959இல் எல்லோரையும் படுக்கையிலிருந்து விடுவித்த ஊர், இன்று யாருக்குப் படுக்கை கட்டாயம் என்று தேர்ந்தெடுக்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. முன்பு படுக்கை மருந்துக்குப் பதிலாக இருந்தது, இப்போது சாகக் கிடப்பவரைத் தாங்கிப் பிடிக்க இருக்கிறது.

வாசகருக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லை என்றானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கென்று மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது நோயாளியின் வங்கிக் கணக்கில் நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், காசநோய்ப் பிரிவில் போய்க் கேளுங்கள்.