திறன்பேசிக்கு ஆயுள் எத்தனை?

எங்கள் வீடுகளிலே பொருள்களுக்கும் ஒரு காலத்தில் தலைமுறைக் கணக்கு இருந்தது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த தையல் இயந்திரத்திலே தாய் தைத்தாள். அதே இயந்திரத்திலே மகளும் தையல் பழகினாள். இடையிலே பட்டி அறுந்தது, புதுப்பட்டி மாட்டப்பட்டது. ஊசி முறிந்தது, வேறு ஊசி வந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தால் மறுபடியும் ஓடிற்று. சுவர்க் கடிகாரமும் அப்படியே. துவிச்சக்கர வண்டியும் அப்படியே. பழுதென்பது ஒரு பொருளின் முடிவன்று, திருத்துவதற்கு விடுக்கப்படும் அழைப்பு மாத்திரமே என்று அக்காலத்தார் எண்ணினர்.

இன்று வீட்டிலுள்ள பொருள்களுள் நாம் அதிகமாகக் கையாள்வது எதுவெனில், கையடக்கத் தொலைபேசியே என்று குழந்தையும் கூறும். ஆனால் அதன் ஆயுளோ மிகக் குறுகியது. சில காலத்துக்கு முன்னர் எமது வீட்டுத் தொலைபேசி ஒன்று சோர்வுற்றது. காலையில் மின்னேற்றி வைத்தால் நண்பகலுக்குள் அணைந்துவிடும். திருத்தும் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதன் பற்றரியை எடுப்பதென்றால் பசையைச் சூடாக்கி உடலையே பிரிக்க வேண்டும். திரை வெடித்தால் நான் பொறுப்பில்லை. இதற்குக் காசு செலவழிப்பதிலும் புதிது ஒன்று வாங்குவது மேல்” என்றார். திரையிலே ஒரு கீறலேனும் இல்லை. குரலும் தெளிவாகவே கேட்டது. ஓர் உறுப்பு நலிந்தமைக்காக முழுக் கருவிக்கும் ஈமக்கிரியை செய்ய வேண்டியதாயிற்று!

இந்நிலைமைக்கு மாற்று உண்டு என்று கூறிக்கொண்டு சந்தைக்கு வந்த ஒரு திறன்பேசியை நடுநிலையோடு நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே ஒரு கொள்கை

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலே 2013ஆம் ஆண்டு ஒரு சிறு நிறுவனம் தோன்றியது. பெயார்போன் என்பது அதன் பெயர். ‘நேர்மையான தொலைபேசி’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வணிக நோக்கத்தோடு பிறந்த நிறுவனமன்று அது. கொங்கோ நாட்டிலே ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கியிருந்த சுரங்கங்களிலிருந்து தொலைபேசிகளுக்கான கனிமங்கள் வருகின்றன என்பதை மக்களுக்கு உணர்த்துவதற்காக 2010ஆம் ஆண்டிலே தொடங்கிய ஓர் இயக்கமே பின்னர் நிறுவனமாக வளர்ந்தது. குறை கூறுவதோடு நில்லாது, நாமே ஒன்றைச் செய்து காட்டுவோம் என்று அவர்கள் துணிந்தனர்.

அந்நிறுவனம் தன் ஆறாம் தலைமுறைத் தொலைபேசியை 2025ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் திகதி வெளியிட்டது. அறிமுக விலை 599 யூரோ. 6.31 அங்குலத் திரை, 256 கிகாபைற் சேமிப்பிடம், 193 கிராம் எடை, 50 மெகாபிக்சல் பிரதான கமரா என்பன அதன் அங்க இலட்சணங்கள். இவற்றிலே வியப்பதற்கு அதிகம் இல்லை. வியப்பெல்லாம் அதன் உள்ளேதான் இருக்கிறது.

தராசின் ஒரு தட்டு

முதலாவது சிறப்பு, அதைப் பிரித்துப் பூட்டலாம் என்பது. மின்கலம், திரை, கமராக்கள், ஒலிபெருக்கி, மின்னேற்றும் துவாரம் முதலிய பன்னிரண்டு பாகங்களை உரிமையாளரே சிறு திருப்புளி ஒன்றின் துணைகொண்டு கழற்றி மாற்றலாம். பசையைச் சூடாக்க வேண்டியதில்லை. கைதேர்ந்த தொழிலாளியைத் தேடவேண்டியதும் இல்லை. வெளியான வேளையில் புதிய மின்கலத்தின் விலை ஏறத்தாழ 40 யூரோ. புதிய திரையின் விலை ஏறத்தாழ 90 யூரோ. கருவிகள் திருத்துவதற்கு எவ்வளவு எளியவை என்று ஆராய்ந்து புள்ளியிடும் ஐஃபிக்சிற் என்னும் அமெரிக்க நிறுவனம் இதற்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி வழங்கிற்று.

மின்கலத்தை மாற்றுவது ஏன் இத்துணை முக்கியம் என்று மாணவர்கள் வினவலாம். திறன்பேசிகளிலே உள்ளது லித்தியம் அயன் மின்கலம். மின்னேற்றமும் மின்னிறக்கமும் நிகழுந்தோறும் அதன் கொள்ளளவு அணுவணுவாகக் குறைகின்றது. வெப்பம் அத்தேய்வை விரைவுபடுத்தும். ஆகவே, மற்றெல்லா உறுப்புகளும் நலமாயிருக்க, மின்கலம் மாத்திரம் முதலில் மூப்படைவது இயற்கை நியதி. வாகனத்துக்கு ரயர் எவ்வாறோ, தொலைபேசிக்கு மின்கலம் அவ்வாறே. ரயர் தேய்ந்ததற்காக வாகனத்தை வீசுவார் உளரோ?

இரண்டாவது சிறப்பு மென்பொருளைப் பற்றியது. தொலைபேசிக்கு உடல் இருப்பது போலவே உயிரும் உண்டு, மென்பொருளே அவ்வுயிர். புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைப்பதற்கு, உற்பத்தியாளர் காலந்தோறும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுவிட்டால், உடல் கெடாத தொலைபேசியும் களவுக்குத் திறந்த வீடாகும். காலப்போக்கில் வங்கிச் செயலிகள் முதலியன அதில் இயங்க மறுக்கும். பெயார்போன் நிறுவனம் இக்கருவிக்கு 2033ஆம் ஆண்டுவரை மென்பொருள் ஆதரவும், ஐந்தாண்டு உத்தரவாதமும் வாக்களித்துள்ளது. வாக்களிப்பது எளிது என்று சிலர் நகைக்கலாம். எனினும் 2015ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இவர்களது இரண்டாவது தொலைபேசிக்கு 2023ஆம் ஆண்டுவரை திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. அதன் சிப்பைச் செய்த நிறுவனம் இடையிலே கைவிட்ட பின்னரும் இவர்கள் விடாது உழைத்து அந்த வாக்கைக் காத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது சிறப்பு, கண்ணுக்குத் தெரியாதது. தகரம், தந்தாலம், கோபாற்று, தங்கம் என்னும் உலோகங்கள் ஒவ்வொரு திறன்பேசியிலும் சிறிதளவேனும் உண்டு. அவற்றை மண்ணிலிருந்து தோண்டும் கைகளைப் பற்றி வாங்குபவர் நினைப்பதில்லை. ஆயுதக் குழுக்களுக்குப் பணம் செல்லாத சுரங்கங்களிலிருந்து தகரத்தையும் தந்தாலத்தையும் பெறுவதற்கு இந்நிறுவனம் முதற் கருவியிலிருந்தே முயன்று வந்திருக்கிறது. சிறு சுரங்கத் தொழிலாளருக்கு நியாய விலை தரும் தங்கத்தையும் பயன்படுத்துகிறது. தொலைபேசியைப் பூட்டும் தொழிலாளருக்கு மேலதிகத் தொகை வழங்குகிறது. எனினும் தன் தொலைபேசி முற்றிலும் நேர்மையானது என்று அது பறைசாற்றவில்லை. நூற்றுக்கு நூறு நேர்மையான தொலைபேசியை இன்றைய உலகில் செய்ய இயலாது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

குடும்பங்களுக்கு உவப்பான வேறொரு சிறு வசதியும் இதில் உண்டு. பக்கத்திலே நகர்த்தும் விசை ஒன்று அமைந்திருக்கிறது. அதை நகர்த்தினால் வண்ணத்திரை மறைந்து, அத்தியாவசியமான சில செயலிகள் மாத்திரமே கொண்ட எளிய கறுப்பு வெள்ளைப் பக்கம் தோன்றும். படிக்கும் வேளையிலும், உண்ணும் வேளையிலும், உறவினரோடு அளவளாவும் வேளையிலும் மனத்தைக் காக்கும் உபாயம் இது. ஆனால் தாழ்ப்பாள் போட்ட கையே அதைத் திறக்கவும் வல்லது என்பதை மறத்தலாகாது!

மறுதட்டு

இனிக் குறைகளை நோக்குவோம். முதற் குறை விலை. இதே 599 யூரோவுக்கு இதனினும் வேகமான சிப்பும், இரவிலே தெளிவாகப் படமெடுக்கும் கமராவும் கொண்ட தொலைபேசிகள் கிடைக்கும். இதில் உள்ளது நடுத்தரச் சிப்பு. அன்றாடக் காரியங்களுக்குப் போதுமானதே தவிர, கனத்த விளையாட்டுகளை விரும்புவோருக்கு உகந்ததன்று. எட்டாண்டுகளின் பின் அச்சிப்பு எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாவது குறை நீர். பிரித்துப் பூட்டக்கூடிய உடலை நீர் புகாதவாறு அடைப்பது கடினம். மழைத் தூறலையும் தெறிக்கும் நீரையும் இது தாங்கும்; கிணற்றிலோ வாளியிலோ விழுந்தால் தாங்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. இதே விலையுடைய வேறு பல தொலைபேசிகள் நீரில் மூழ்கினாலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். கம்பியின்றி மின்னேற்றும் வசதியும் இதில் இல்லை. கம்பியுள்ள செவிப்பன்னியைச் செருகும் துவாரமும் இல்லை. அத்துவாரத்தை இந்நிறுவனம் 2021ஆம் ஆண்டு நான்காந் தலைமுறையிலேயே நீக்கிவிட்டது. நீக்கிய கையோடு கம்பியற்ற செவிப்பன்னிகளை விற்கவும் தொடங்கிற்று. நீடித்த பாவனையைப் போதிக்கும் நிறுவனத்துக்கு இது அழகா என்று அதன் நண்பர்களே அன்று கேட்டனர்.

மூன்றாவது குறை, பழைய வாடிக்கையாளருக்கே வருத்தம் தந்தது. முந்திய தலைமுறைகளிலே பின்மூடியை நகத்தாற் கழற்றி மின்கலத்தைக் கையால் எடுக்கலாம். ஆறாம் தலைமுறையிலோ மூடியும் மின்கலமும் திருகாணிகளாற் பிணைக்கப்பட்டுள்ளன. திருப்புளி இருந்தால் சில நிமிட வேலைதான். எனினும் பயணத்தின் நடுவே வேறு மின்கலத்தை மாட்டிக்கொள்ளும் சௌகரியம் போய்விட்டது.

நான்காவது, நம்பிக்கையைப் பற்றியது. இந்நிறுவனத்தின் முதலாவது தொலைபேசி 2013ஆம் ஆண்டு வந்தது. 2017ஆம் ஆண்டிலேயே அதற்கான ஆதரவும் உதிரிப்பாகங்களும் நின்றுபோயின. சிறிய நிறுவனத்துக்குப் பெரிய வாக்குறுதி பாரமாகலாம் என்பதற்கு இது சான்று. பெரிய நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. கூகிள் 2023ஆம் ஆண்டிலும், சாம்சுங் 2024ஆம் ஆண்டிலும் தத்தம் உயர்ரகத் தொலைபேசிகளுக்கு ஏழாண்டு மென்பொருள் ஆதரவை அறிவித்துவிட்டன. அன்றியும், பெயார்போனின் பிரதான சந்தை ஐரோப்பா. இலங்கையில் உள்ள ஒருவர் உறவினர் மூலம் இதை வரவழைத்தாலும், திரை உடைந்த நாளில் புதிய திரையையும் கடல் கடந்தே வரவழைக்க வேண்டும். உதிரிப்பாகம் கைக்கெட்டாத இடத்தில், பிரித்துப் பூட்டும் வசதி பாதிப் பயனே தரும்.

கணக்குப் பார்ப்போம்

இரண்டு தட்டுகளையும் நிறைத்துவிட்டோம். இனி முள் எப்பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். விலையைத் தனியாகப் பார்ப்பது அங்காடிக் கணக்கு. விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே வீட்டுக் கணக்கு. 599 யூரோவோடு இடையிலே மாற்றும் ஒரு மின்கலத்தின் 40 யூரோவையும் கூட்டினால் 639 ஆகும். எட்டாண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 யூரோ. 300 யூரோவுக்கு ஒரு தொலைபேசியை வாங்கி மூன்றாண்டில் எறிபவருக்கோ ஆண்டுக்கு 100 யூரோ செலவாகிறது. ஆகவே விலையுயர்ந்ததே மலிவாகிறது!

ஆயினும் இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. பெயார்போனை வாங்கியவரே, அயல் வீட்டாரின் புதுத் தொலைபேசியைக் கண்டு மயங்கி மூன்றாம் ஆண்டில் அதைக் கைவிட்டால், அவருக்கு ஆண்டுக்கு 200 யூரோ செலவாகும். அவரைப் போல ஏமாந்தவர் வேறொருவர் இரார். இக்கருவி உடையவனுக்கு நீண்ட ஆயுளைத் தருவதன்று. நீண்ட காலம் வைத்திருக்கும் மனமுடையவனுக்குத் துணை நிற்பது. வாக்குறுதியின் ஒரு பாதி நிறுவனத்துடையது, மறுபாதி வாங்குபவருடையது.

அம்மறுபாதி அற்பமானதன்று. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின், மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே. ஒரு தொலைபேசியினால் சுற்றாடலுக்கு நேரும் கேட்டின் பெரும்பங்கு, அதைப் பாவிக்கும்போதன்றி, அதைச் செய்யும்போதே நேர்ந்துவிடுகிறது. ஆதலால் இருக்கும் தொலைபேசியை இன்னும் ஓராண்டு பாவிப்பதே எந்தப் புதிய ‘நேர்மையான’ தொலைபேசியை வாங்குவதிலும் நேர்மையான செயலாகும்.

அரசாங்கங்களும் இதை உணரத் தலைப்பட்டுள்ளன. பெயார்போன் வெளிவருவதற்கு ஐந்து நாட்கள் முன்னதாக, 2025 யூன் 20ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலங்கள் 800 தடவை மின்னேற்றிய பின்னரும் நூற்றுக்கு 80 பங்கு கொள்ளளவைக் காக்க வேண்டும். விற்பனை முடிந்த பின்னரும் ஏழாண்டுகளுக்கு முக்கியமான உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஒரு சிறு நிறுவனம் பித்தர் போல நின்று கேட்டதை, இன்று சட்டமே எல்லாரிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இத்தொலைபேசியின் உண்மையான வெற்றி விற்பனையில் அன்று, இந்த மாற்றத்திலேயே இருக்கிறது என்பது எமது துணிபு.

கடை வாசலில் கேட்க வேண்டியவை

எனவே பெயார்போனை வாங்குங்கள் என்று நாம் கூற வரவில்லை. நம்மிற் பெரும்பாலோர் வேறொன்றையே வாங்குவோம். பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் தொலைபேசிக் கடைக்குச் செல்லும் பெற்றோர், கமராவின் மெகாபிக்சலை விசாரிக்கும் முன்னர் நான்கு வினாக்களைக் கேட்கட்டும். இதற்கு மென்பொருள் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும்? மின்கலம் நலிந்தால் மாற்ற முடியுமா, என்ன செலவாகும்? திரையும் ஏனைய உதிரிப்பாகங்களும் நம்மூரிலே கிடைக்குமா? இப்போது கையிலுள்ளது உண்மையாகவே முடிந்துபோயிற்றா?

முதல் மூன்றுக்கும் கடைக்காரர் விடை கூறட்டும். நான்காவதற்கு விடை கூற வேண்டியவர் நாமே. அந்த விடை நேர்மையாக இருந்துவிட்டால், பாட்டியின் தையல் இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை நம் கையிலுள்ள தொலைபேசிக்கும் ஒருநாள் கிடைக்கும்.