ஆற்றங்கரை வீடும் புது வாழ்வும்

ஓசூருக்கு அருகே, தென்பெண்ணை நதிக்கரையில் தோரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஸ்ரீ ராஜாஜி பிறந்தது அவ்வூரில்தான். அவர் பிறந்த எளிய வீட்டை அரசாங்கத்தார் நினைவு இல்லமாகப் போற்றி வருகிறார்கள்.

ஆனால், ஆற்றங்கரையிலுள்ள பழைய வீடுகள் யாவும் நினைவு இல்லங்களாகிவிட முடியாது. அவற்றில் மனிதர் வாழவேண்டும். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் வேண்டும். 1970-களுக்குப் பின் தொழிற்சாலைகள் பெருகிய இப்பிரதேசத்தில், பழையதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுவதே சுலபம் என்று சிலருக்குத் தோன்றலாம். அது அவசியந்தானா?

அவசியமில்லை என்பதே நமது அபிப்பிராயம். திண்ணையும் முற்றமும் அப்படியே இருக்கட்டும். மண்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியே விட்டுவிடும். குளியலறையைப் பின்கட்டில் தனிச் சுவர் எழுப்பிச் சேர்த்தால் பழைய சுவர் நனையாது. கூரையில் இரண்டொரு கண்ணாடி ஓடுகள் பதித்தால் இருண்ட அறையும் வெளிச்சம் பெறும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நந்தி மலைப் பக்கம் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பகுதிக் கழிவுகளைச் சுமந்து வந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை கக்குவதைப் பன்முறை கண்டிருக்கிறோம். நம் வீட்டுக் கழிவுநீரும் அதில் கலக்கலாமா? கரையைவிட்டுத் தள்ளிக் கழிவுத்தொட்டி அமைப்பதற்கே முதற் பணத்தை ஒதுக்கவேண்டும். நதி நாறினால், நதியைப் பார்த்த ஜன்னல் எதற்கு?